செல்லோவைத் திறந்து மூடலாம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். இசைக்கருவிகளைக் கையால் செய்வது பற்றி நீங்கள் எழுதிவரும் குறிப்புகளைத் தொடர்ந்து படிக்கிறேன். நான் தொழில்முறைத் தச்சன் அல்லன். மேசை, அலமாரி, பெட்டி என்று வேண்டியதைச் செய்துகொள்ளும் அளவுக்குக் கைப்பழக்கம் உண்டு. ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு, வயலினின் பெரிய அண்ணனான செல்லோவைக் கற்றுக்கொண்டேன், சுமாராக வாசிப்பேன். இப்போது எனக்கான செல்லோவை நானே செய்துவிட வேண்டும் என்ற ஆசை பிடித்து ஆட்டுகிறது.

வெளியே சொன்னால் எல்லோரும் தடுக்கிறார்கள். முதலில் இரண்டு வயலின் செய்துவிட்டு வா என்கிறார் ஒருவர். பழைய வார்னிஷின் ரகசியம் தெரியாமல் செய்தால் அது வெறும் பெட்டிதான் என்கிறார் இன்னொருவர். பலகையைத் தட்டிப் பார்த்தே சுருதி சொல்லும் காது வேண்டும், அது பரம்பரையாக வருவது என்கிறார் என் ஆசிரியர். மரத்தை வாங்கிச் சுவரோரமாகச் சாய்த்து வைத்திருக்கிறேன். உளியை வைக்கத் தைரியம் வரவில்லை. ஓர் இடத்தில் கை தவறினால் அத்தனையும் வீண் என்று தோன்றுகிறது. இந்தப் பயம் நியாயமானதா?

அன்புடன்,
எஸ்.

*

அன்புள்ள எஸ்.,

பாதி நியாயம். பயப்பட வேண்டிய இடங்கள் செல்லோவில் உண்டு. ஆனால் உங்களைச் சுற்றியிருப்பவர்கள் கை காட்டும் இடங்கள் அவை அல்ல.

முதலில் பசையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். உங்கள் பயத்துக்கு மருந்து அதில்தான் இருக்கிறது. செல்லோவின் உடலை ஒட்டுவது தோல் பசை. தச்சர்கள் வஜ்ரம் என்பார்களே, அது. ஊறவைத்து, 60 டிகிரி செல்சியஸ் சூட்டில் உருக்கிப் பூச வேண்டும். காய்ந்துவிட்டால் உடும்புப் பிடி. ஆனாலும் ஈரமும் சூடும் பட்டால் இளகும். விளிம்பில் மழுங்கிய மெல்லிய கத்தியைச் செருகி நிதானமாக நகர்த்தினால், 'டிக், டிக்' என்று சின்னச் சின்னச் சத்தத்தோடு இணைப்பு விட்டுக்கொண்டே வரும். மேல்பலகையை ஒட்டும்போது மட்டும் தண்ணீர் சற்றுக் கூட்டிய பசையைப் பூசுவது மரபு. என்றாவது திறக்க வேண்டிவரும் என்று தெரிந்தே மூடுகிறார்கள். உங்கள் அலமாரிக்குப் பூசிய வெள்ளைப் பசையைத் தயவுசெய்து இந்தப் பக்கம் கொண்டுவராதீர்கள். அதைப் பூசினால்தான் நீங்கள் பயப்படுவது நடக்கும்.

நாம் கும்பிடும் பழைய செல்லோக்கள் எத்தனை முறை திறக்கப்பட்டவை என்று பார்த்தால் உங்களுக்குத் தெம்பு வரும். 16ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் கிரெமோனா நகரில் ஆண்ட்ரியா அமாட்டி செய்த 'கிங்' என்ற செல்லோ, அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் உள்ள தேசிய இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மிஞ்சியிருக்கும் செல்லோக்களில் மிகப் பழையவற்றுள் ஒன்று. அதில் பிரெஞ்சு அரசர் ஒன்பதாம் சார்லஸின் சின்னங்களைத் தீட்டியிருக்கிறார்கள். அப்படிப்பட்ட கருவியையே பிற்காலத்தில் வெட்டிச் சிறிதாக்கினார்கள். பின்பலகையின் ஓவியத்தில் நடுப்பகுதி காணாமல் போயிற்று. அக்காலத்து செல்லோக்கள் பெரியவை. அதே ஊரில் பின்னர் வந்த புகழ்பெற்ற கைவினைஞர் ஸ்ட்ராடிவாரியும் 1700 வரை உடல் நீளம் ஏறக்குறைய 80 சென்டிமீட்டர் வரும்படிதான் செய்தார். உலோகக் கம்பி சுற்றிய தந்திகள் வந்த பிறகு, குட்டையான உடலிலும் கீழ்ச்சுருதி தெளிவாகப் பேசியது. 1707 வாக்கில் அவர் 76 சென்டிமீட்டருக்கு அருகே இறங்கிவந்தார். இன்று பெரும்பாலோர் செய்வது அந்த அளவில்தான். பழைய பெரிய கருவிகள் பலவற்றை அதற்கேற்ப அறுத்துக் குறைத்தார்கள். கழுத்துகளை மாற்றினார்கள். மேல்பலகையின் அடியில் ஓடும் பேஸ் பார் என்ற சட்டத்தைப் பெயர்த்துவிட்டுக் கனமான ஒன்றை ஒட்டினார்கள். இவ்வளவுக்குப் பிறகும் அவை பாடிக்கொண்டுதான் இருக்கின்றன.

அப்படியானால் எங்கே பயப்பட வேண்டும்? எடுத்த மரத்தைத் திரும்ப வைக்க முடியாது, அங்கே. மேல்பலகைக்கான ஸ்ப்ரூஸ் மரம் மூன்று சென்டிமீட்டருக்கும் அதிகமான தடிமனில் உங்கள் கைக்கு வருகிறது. முடிவில் மிஞ்ச வேண்டியது 4 முதல் 5 மில்லிமீட்டர். மேப்பிள் பின்பலகை நடுவில் 6 அல்லது 7, ஓரத்தில் 4 வரை. உட்புறம் குடையும்போது, வேண்டிய ஆழத்துக்குச் சற்று முன்பே நின்றுவிடும்படி துளைக் கருவிக்குத் தடை வைத்து, பலகை முழுவதும் குழிகள் போட்டுக்கொள்ளுங்கள். குழிகள் மறையும் வரை உளி. அதன் பிறகு விரல் நுனியில் பிடிக்கும் குட்டி இழைப்புளி. கடைசியில் சுரண்டு தகடு. முதல் கருவிக்கு எல்லா இடத்திலும் அரை மில்லிமீட்டர் கூடுதலாகவே விட்டுவையுங்கள். வார்னிஷ் பூசாமல் வெள்ளை மரமாகவே தந்தி கட்டிச் சில வாரங்கள் வாசியுங்கள். குரல் இறுகி அடைத்துக்கொண்டிருந்தால் மேல்பலகையைத் திறந்து மெலிதாக்கி மீண்டும் ஒட்டுங்கள். வாடிக்கையாளர் காத்திருக்கும் பட்டறைக்காரருக்கு இந்த வசதி குறைவு. உங்களை யார் அவசரப்படுத்தப்போகிறார்கள்?

வயலினில் தொடங்கு என்ற அறிவுரை பரவலாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. செல்லோவின் உடல் வயலினைவிட இரண்டு மடங்குக்குச் சற்றே அதிக நீளம். பரப்பில் கணக்குப் போட்டால் நாலரை மடங்கு வரும். சீவ வேண்டிய மரம் அதைவிட அதிகம். தோள்பட்டை கெஞ்சும். ஆனால் வயலின் மேல்பலகையின் தடிமன் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர்தான், அங்கே 0.2 மில்லிமீட்டர் பிசகினால் உறைக்கும். செல்லோவில் அதே பிசகு சிறிய பங்குதான். உழைப்பைக் கேட்கும் கருவி கைப்பிழையைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்கிறது. நீங்கள் வாசிப்பது செல்லோ. நன்றாக வந்திருக்கிறதா என்று வயலினை வாசித்துச் சொல்ல உங்களுக்குத் தெரியாது. செல்லோவிலேயே தொடங்குங்கள்.

பெரிய கருவி என்பதால் வரும் உண்மையான கஷ்டம் நடு இணைப்பு. பிளந்த மரத்தின் இரு பாதிகளையும் புத்தகம்போல விரித்து, முதுகோரம் முதுகோரமாக ஒட்டுகிறோம். கிட்டத்தட்ட 80 சென்டிமீட்டர் நீளத்துக்கு இரண்டு விளிம்புகள் ஒரு மயிரிழையும் விடாமல் பொருந்தியாக வேண்டும். நீண்ட இழைப்புளி, தினம் தீட்டிய அலகு, நல்ல விளக்கு மூன்றும் வேண்டும். ஒரு பாதியின் மேல் இன்னொன்றை நிறுத்தி, பின்னால் விளக்கை வைத்துக் குனிந்து பாருங்கள். வெளிச்சம் கசியும் இடம் பள்ளம். மற்ற இடங்கள் மேடு. மேட்டை ஒரு சீவு சீவிவிட்டு மறுபடி நிறுத்துங்கள். மேல் பாதியை நுனியில் பிடித்து லேசாகத் திருப்பினால் அது நடுவில் சுழலக் கூடாது. இரண்டு முனைகளிலும் உரசிக்கொண்டு நகர வேண்டும். இதற்கு ஒரு நாளோ ஒரு வாரமோ ஆகலாம், விட்டுவிடாதீர்கள்.

ஒட்டும் நேரம் வந்ததும் அறையை வெதுவெதுப்பாக்கி, விளிம்புகளைச் சூடு காட்டி, பசையைத் தாராளமாகப் பூசி, ஒன்றின் மேல் ஒன்றை வைத்து முன்னும் பின்னும் தேயுங்கள். முதல் தேய்ப்பு வழுக்கிக்கொண்டு போகும். இரண்டாவதில் ஓர் இழுவை தெரியும். அடுத்த தேய்ப்பில் மரம் நகர மறுக்கும். சரியான இடத்தில் நிறுத்திவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். அதன் பிறகு 'இன்னும் கொஞ்சம்' என்று தள்ளினால் கெட்டது. கெட்டாலும் என்ன, வெந்நீர் இருக்கிறது.

உடலின் பக்கச் சுவர்களான விலாப்பலகைகளை வளைப்பது பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் அழகான அலை ரேகை கொண்ட மேப்பிள் மரத்தைத்தான் வாங்கியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். எல்லோரும் அதைத்தான் வாங்குகிறார்கள். அந்த அலைகளில்தான் அது ஒடியும். ஒன்றரை மில்லிமீட்டர் தடிமனுக்குக் கொண்டுவந்து, லேசாக நனைத்து, பின்னால் மெல்லிய உலோகப் பட்டையை அணைத்துச் சூடான இரும்பில் வளையுங்கள். உபரியாக இரண்டு பட்டைகள் கைவசம் இருக்கட்டும்.

இனி உங்கள் ஆசிரியர் சொன்ன பரம்பரைக் காது. அமெரிக்காவில் கார்லீன் ஹட்சின்ஸ் என்று ஒருவர் இருந்தார். பள்ளியில் அறிவியல் ஆசிரியை. டிரம்பெட் வாசித்துக்கொண்டிருந்தவர், வயலினைவிடச் சற்றுப் பெரிய வயோலாவுக்கு மாறினார். கையில் இருந்த வயோலா பிடிக்காமல், 1940களின் இறுதியில் தானே ஒன்றைச் செய்ய உட்கார்ந்தார். பரம்பரை ஏதும் கிடையாது. பிறகு ஹார்வர்டு இயற்பியலாளர் ஃபிரெடரிக் சாண்டர்ஸுடன் சேர்ந்து, வெட்டிப் பார்ப்பதற்கென்றே கருவிகள் செய்தார். விலாப்பலகைகளில் துளைகள் போட்டு, தக்கையால் அடைத்தும் திறந்தும் ஒலி எப்படி மாறுகிறது என்று பார்த்தார். ஒட்டாத பலகையின் மேல் பொடியைத் தூவி, ஒலிபெருக்கியால் அதிரவைத்து, பொடி ஒதுங்கி நிற்கும் கோடுகளைக் கொண்டு எங்கே சீவுவது என்று முடிவு செய்தார். தட்டிக் கேட்பதைக் கண்ணால் பார்க்கும்படி செய்துவிட்டார்.

அதற்காக நீங்களும் ஒலிபெருக்கி வாங்க வேண்டியதில்லை. பலகையை விரல் முட்டியால் தட்டுங்கள், மெலிய மெலியச் சுருதி இறங்குவதைக் கேளுங்கள், பலகையை இரு கையாலும் லேசாக முறுக்கி அதன் விறைப்பை உணருங்கள். உங்கள் மரம் எப்படிப்பட்டது என்று அது சொல்லும். முடிந்த செல்லோ எப்படிப் பாடும் என்று அது சொல்லாது. சொல்லும் என்று சத்தியம் செய்பவர்களிடமிருந்து நான் கொஞ்சம் தள்ளியே நிற்பேன்.

வார்னிஷ் ரகசியத்துக்கு இரண்டு வரி போதும். பாரிஸ் இசை அருங்காட்சியகத்தில் உள்ள ஸ்ட்ராடிவாரி கருவிகள் ஐந்தின் பூச்சை நவீன முறைகளால் ஆராய்ந்து, முடிவுகளை 2009இன் இறுதியில் வெளியிட்டார்கள்: அடியில் காயும் எண்ணெய், மேலே எண்ணெயும் பைன் பிசினும், கூடவே சாதாரண நிறமிகள். அன்றைய ஓவியர்கள் பயன்படுத்திய சரக்குதான்.

குரலைத் தீர்மானிப்பதில் இதைவிடப் பெரிய பங்கு, கருவியைக் கட்டி முடித்த பிறகு செய்யும் வேலைக்கு இருக்கிறது. முதல் முறை செய்பவர்கள் அப்போதுதான் களைத்துப்போய் அவசரப்படுகிறார்கள். தந்திகளைத் தாங்கி நிற்கும் குதிரையின் ஒரு காலுக்குச் சற்றுப் பின்னால், மேல்பலகைக்கும் பின்பலகைக்கும் நடுவே ஒரு சிறு ஸ்ப்ரூஸ் கம்பு நிற்கிறது. சவுண்ட் போஸ்ட் என்பது அதுதான்; 11 மில்லிமீட்டர் விட்டம். பசை கிடையாது; இறுக்கத்தால் மட்டுமே நிற்கும். இரண்டு முனைகளும் பலகைகளின் உட்சரிவுக்கு ஒட்டிப் பொருந்த வேண்டும். எஃப் வடிவத் துளை வழியாக வளைந்த கம்பியால் அதை உள்ளே நிறுத்துங்கள். செல்லோவில் ஒரு சௌகரியம்: தரையில் ஊன்றும் அடிக்கம்பியைக் கழற்றிவிட்டு அந்தத் துளை வழியாக எட்டிப் பார்க்கலாம். முனையில் ஒரு பக்கம் இடைவெளி தெரிந்தால் வெளியே எடுத்துச் சீவுங்கள். அரை மில்லிமீட்டர் நகர்த்தினாலே மேல்தந்தியின் குரல் தெளிவதும் அடித்தந்தி மங்குவதும் உங்கள் காதுக்கே கேட்கும்.

வாசிக்கத் தொடங்கியதும் ஈ, எஃப், எஃப் ஷார்ப் ஸ்வரங்களின் பக்கத்தில் ஓர் இடத்தில் ஒலி திக்கித் திணறி உறுமக்கூடும். செய்முறை பிழைத்துவிட்டதே என்று இடிந்துபோகாதீர்கள். இதற்கு ஓநாய் ஸ்வரம் என்று பெயர். நல்ல செல்லோக்களில் அடிக்கடி இருப்பது. தந்தியின் சுருதியும் உடலின் முக்கியமான அதிர்வும் ஒரே இடத்தில் மோதும்போது, வில் கொடுக்கும் ஆற்றலை உடல் உறிஞ்சிக்கொள்கிறது. தந்தியின் அசைவு குலைந்து, மீண்டு, மறுபடி குலைகிறது. சி. வி. ராமன் 1916இல் இதை ஆராய்ந்து எழுதினார். அப்போது அவர் நிதித்துறை அதிகாரி. ஆராய்ச்சியெல்லாம் அலுவலக நேரம் போக மிஞ்சிய பொழுதில். பொழுதுபோக்காகச் செய்பவன் என்று உங்களை யாராவது இளக்காரமாகச் சொன்னால் அவரைச் சொல்லுங்கள். குதிரைக்குக் கீழே உள்ள தந்தித் துண்டில் ரப்பர் வைத்த சிறு பித்தளைக் குழாயை மாட்டி, சரியான இடம் பார்த்து நகர்த்தினால் ஓநாய் பெரும்பாலும் அடங்கும்.

திறந்து மூடித் திருத்த முடியாதது இன்னும் ஒன்று இருக்கிறது: எஃப் துளைகளின் இடம். உடலின் மேல்விளிம்பிலிருந்து குதிரை நிற்கும் கோடு வரை 40 சென்டிமீட்டர், கழுத்து 28. பத்துக்கு ஏழு என்ற இந்த விகிதத்துக்குத்தான் வாசிப்பவரின் கை பழகியிருக்கும். துளைகள் ஒரு சென்டிமீட்டர் இறங்கிவிட்டால், வேறு செல்லோவை எடுக்கும் ஒவ்வொரு முறையும் உங்கள் விரல் தடுமாறும். ஆகவே உளியைத் தீட்டுவதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். வரைபடத்தை முழு அளவில் அச்சிட்டதும், அதன் மேல் எஃகு அளவுகோலை வைத்து நீளவாக்கிலும் அகலவாக்கிலும் அளந்து பாருங்கள். அச்சு இயந்திரங்கள் சொல்லாமல் கொள்ளாமல் படத்தைச் சுருக்கிவிடும். 40 என்று போட்டிருக்கும் இடத்தில் 39.4 காட்டினால் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு அச்சிடுங்கள்.

சரியான வரைபடத் தாள் கிடைத்ததும் எழுதுங்கள். விலாப்பலகைகளை வளைத்துப் பொருத்தும் உள் அச்சுச் சட்டத்துக்கு எந்தப் பலகை எடுப்பது என்று அடுத்து பார்ப்போம்.

அன்புடன்.