பட்டாளத்தை விட்டு வந்த ஆண்கள், பெண்கள் உடல்நலம்: கேள்வி பதில்

கோலாலம்பூர், பினாங்கு வட்டார உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளும் அக்காவின் பதில்களும்.

செந்தூல் தம்பி: அக்கா, பட்டாளத்தில் இருந்தவர்கள் இரும்பு உடம்புக்காரர்கள் என்று ஊரில் சொல்கிறார்கள். அமெரிக்க ஆய்வுகளோ முன்னாள் வீரர்களுக்கு நோய் அதிகம் என்கின்றன. எதை நம்புவது?

இரண்டையும் நம்பலாம் தம்பி. எந்த வயதில் பார்க்கிறோம் என்பதுதான் கணக்கு.

பட்டாளத்தில் சேரும் நாளிலேயே ஆளைச் சலித்து எடுக்கிறார்கள். வலிப்பு, இருதயக் கோளாறு, சர்க்கரை உள்ளவர்கள் வாசலோடு திரும்பிவிடுவார்கள். அதனால் இருபதுகளில் உள்ள வீரரை அதே வயது பொதுமக்களோடு ஒப்பிட்டால் வீரர்தான் நன்றாக இருப்பார். ஆய்வாளர்கள் இதை ‘ஆரோக்கிய வீரர் விளைவு’ என்பார்கள். ஆனால் அப்படிச் சலித்தெடுத்ததன் பலன் ஆயுள் முழுக்க நிற்காது. ஓய்வுபெற்று ஆண்டுகள் ஆக ஆக அது கரைகிறது. மூட்டுத் தேய்மானம், காது மந்தம், புகைப்பழக்கத்தின் விளைவு, தூக்கக் கேடு எல்லாம் அப்போதுதான் மேலே வருகின்றன.

படிக்கும்போது இரண்டு இடத்தில் ஏமாறாதீர்கள். அமெரிக்க முன்னாள் வீரர்களில் ஆண்கள் பெரும்பாலும் முதியவர்கள், பெண்கள் அவர்களைவிட இளையவர்கள். வயதைச் சரிசெய்யாத எண்ணை வைத்துப் பேசினால் ‘பட்டாளம் கெடுத்தது’ என்று தெரிவதில் பாதி வெறும் முதுமைதான். அடுத்தது, முன்னாள் பெண் வீரரை முன்னாள் ஆண் வீரரோடு ஒப்பிட்டால் ஒன்றும் விளங்காது. பெண்ணைப் பட்டாளத்துக்குப் போகாத பெண்ணோடும், ஆணைப் போகாத ஆணோடும் ஒப்பிட வேண்டும்.

அப்படிப் பார்த்தால் பல விஷயங்களில் பெண்கள் பக்கம்தான் இடைவெளி பெரிது. அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோயை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கக் கணக்குப்படி வாழ்நாளில் அது வருவது முன்னாள் ஆண் வீரர்களில் 100க்கு 6 பேருக்கு, மற்ற ஆண்களில் 4 பேருக்கு. முன்னாள் பெண் வீரர்களில் 13 பேருக்கு, மற்ற பெண்களில் 8 பேருக்கு. பெண்கள் பலவீனமானவர்கள் என்று இதற்குப் பொருள் கொள்வது தவறு. சீருடையில் அவர்கள் எதிர்கொண்டவை வேறு, திரும்பி வந்தபின் அவர்களை யாரும் வீரராகப் பார்ப்பதும் இல்லை.

பட்டர்வொர்த் தங்கச்சி: அப்பா 21 வருஷம் முடித்து நாற்பது வயதிலேயே பென்ஷனில் வந்தவர். இப்போது 58. சர்க்கரை, பிரஷர் இரண்டும் இருக்கிறது. பட்டாளம்தான் காரணமா?

பட்டாளத்தைவிட, அதை விட்டு வந்தபின் நடந்ததுதான் காரணமாக இருக்கும் தங்கச்சி. பயிற்சிக் காலத்தில் 3,000 கலோரிக்கு மேல் எரித்த உடம்பு அது. உட்கார்ந்த வேலைக்கு வந்தால் 2,000 சொச்சம் போதும், ஆனால் தட்டின் அளவு மாறாது. ஒரு ரொட்டி சானாய் ஏறத்தாழ 300 கலோரி. காலையில் இரண்டு, கூட கண்டென்ஸ்டு பால் ஊற்றிய தே தாரேக் என்றால் பத்தே மணிக்கு ஒரு நாள் கணக்கில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2019 தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை. இந்தியர்களில் மட்டும் 31.4 விழுக்காடு. நம் ரத்தத்திலும் சமையலறையிலும் உள்ள ஆபத்து, பட்டாள வித்தியாசத்தைவிடப் பெரியது. அமெரிக்க அளவுகோல் நமக்குப் பொருந்தாது. மலேசிய வழிகாட்டியில் உடல் நிறை எண் (கிலோ எடையை மீட்டர் உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் வருவது) 23 தாண்டினாலே அதிக எடை, 27.5க்கு மேல் உடல்பருமன். இடுப்புச் சுற்று ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில், மூச்சை வெளியே விட்டபின் அளந்து பாருங்கள். பழைய பெல்ட் துளையை நம்பாதீர்கள், தொப்பை வளர வளர பெல்ட் கீழே இறங்கிக்கொள்ளும்.

பிரஷரை வீட்டில் பார்ப்பதென்றால் ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, கால் தரையில் பட, கை நெஞ்சு உயரத்தில் இருக்க, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை எடுங்கள். காப்பி, சிகரெட் ஆனவுடன் எடுத்தால் தப்பான எண் வரும். வீட்டு அளவு சராசரியாக 135/85 அல்லது அதற்கு மேல் நின்றால் கிளினிக் கெசிஹாத்தானுக்கு (அரசு சுகாதார நிலையம்) குறிப்பேட்டோடு போங்கள்.

வங்சா மாஜு சகோதரி: நான் முன்னாள் ராணுவப் பெண், வயது 54. கால் எலும்பில் பயிற்சிக் காலத்தில் வெடிப்பு விழுந்தது. இப்போது முதுகு, முழங்கால் இரண்டும். டாக்டர் ‘வயசாச்சு, மெனோபாஸ்’ என்கிறார்.

வயதும் மாதவிடாய் நின்றதும் காரணமாக இருக்கலாம். ஆனால் அந்தப் பழைய வெடிப்பை டாக்டரிடம் சொன்னீர்களா? அவராகக் கேட்டிருக்க மாட்டார். பெண் நோயாளியிடம் ‘பட்டாளத்தில் இருந்தீர்களா’ என்று கேட்கும் வழக்கம் எங்குமே குறைவு. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம்.

ஒரே பயிற்சியில் ஆண்களைவிடப் பெண்களுக்கு எலும்பு வெடிப்பு அதிகம் என்பது பல நாட்டுப் படைகளிலும் கண்டது. 20 கிலோ மூட்டை, 75 கிலோ ஆணுக்கு எடையில் 27 விழுக்காடு. 55 கிலோ பெண்ணுக்கு 36 விழுக்காடு. பெண்ணின் எலும்பு மெல்லியது. அணிவகுப்பில் உயரமான ஆணின் நடைக்கு ஈடாகக் காலை எட்டி வைக்கும்போது இடுப்பெலும்பில் இழுவிசை ஏறுகிறது. ஆஸ்திரேலிய ராணுவம் நடை வேகத்தைக் குறைத்து, அவரவர் காலடி அளவிலேயே நடக்கவிட்டது போன்ற மாற்றங்களைச் செய்தபோது இடுப்பு வெடிப்புகள் குறைந்தன. இதற்கு மேல், செலவழித்த அளவு சாப்பிடாமல் மாதவிடாய் தள்ளிப்போனவர்களுக்கு அந்த வயதிலேயே எலும்புச் சேமிப்பு குறைந்திருக்கும். அதன் விளைவு மெனோபாஸுக்குப் பிறகு தெரியும்.

வீட்டிலேயே ஒரு கணக்குப் போடலாம். மெனோபாஸ் ஆன ஆசியப் பெண்களுக்காக வந்தது இது: எடையிலிருந்து வயதைக் கழித்து 0.2ஆல் பெருக்குங்கள். 50 கிலோ, 62 வயது என்றால் –2.4 வரும். –1க்கு மேல் இருந்தால் ஆபத்து குறைவு, –1 முதல் –4 வரை நடுத்தரம், –4க்குக் கீழே அதிகம். ஆனால் பழைய வெடிப்பும், மாதவிடாய் நின்றுபோன காலமும், ஸ்டீராய்டு மருந்தும் இந்தக் கணக்கில் சேராது. அதனால் எண் நன்றாக வந்தாலும் உங்கள் வரலாற்றைச் சொல்லி எலும்பு அடர்த்தி ஸ்கேன் தேவையா என்று கேளுங்கள்.

முழங்காலுக்கு: மல்லாந்து படுத்து, ஒரு காலை மடக்கி, மற்ற காலை நேராக ஓரடி உயரம் தூக்கி 5 விநாடி நிறுத்துங்கள். காலுக்குப் பத்து முறை, நாளுக்கு இரண்டு வேளை. தொடை முன்தசை இறுகினால்தான் மூட்டின் பாரம் குறையும். எடை ஒரு கிலோ இறங்கினால் நடக்கும்போது ஒவ்வொரு காலடியிலும் முழங்கால் மீதான பாரம் ஏறத்தாழ 4 கிலோ குறைகிறது.

கேட்கக் கூச்சப்படும் இன்னொன்றும் இருக்கிறது. களத்தில் கழிப்பறை இல்லாமல் தண்ணீரைக் குறைத்து, சிறுநீரை அடக்கிய பெண்களுக்குச் சிறுநீர்த் தொற்று அடிக்கடி வரும். இருமினால் சிறுநீர் கசிகிறது என்றால் இடுப்புத்தளத் தசையை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியை ஒரு வேளைக்கு 8 முறையாவது, நாளுக்கு மூன்று வேளை, மூன்று மாதம் செய்ய வேண்டும். இரண்டு வாரத்தில் விட்டுவிடுவதால்தான் பலருக்குப் பலன் தெரிவதில்லை. கருப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் எச்.பி.வி. வைரசுக்கான சோதனையையும் மார்பகப் பரிசோதனையையும் மற்ற பெண்களைப் போலவே தவறாமல் செய்துகொள்ளுங்கள்.

பிறை அண்ணன்: காதில் எந்நேரமும் ‘ஙொய்’ என்று சத்தம். ரேஞ்சில் பஞ்சு வைத்துச் சுட்டவன் நான்.

பஞ்சு காப்பாற்றாது அண்ணே. துப்பாக்கி வெடிச்சத்தம் 140 டெசிபலைத் தாண்டும். அமெரிக்க முன்னாள் வீரர்களின் இழப்பீட்டுப் பட்டியலில் காது இரைச்சல்தான் முதலிடம். செவித்திறன் சோதனை செய்து வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள். 4,000 ஹெர்ட்ஸ் அருகே பள்ளம் விழுந்து 8,000இல் கோடு மீண்டும் மேலேறினால் சத்தத்தால் வந்தது. முதுமையால் வந்தது என்றால் கோடு சரிந்துகொண்டே போகும். வலக்கைக்காரர்களுக்கு இடது காதுதான் குழல் வாய்ப்பக்கம் இருக்கும், அது அதிகம் கெட்டிருப்பது வழக்கம். ஆனால் எந்தக் காதானாலும் ஒரு காதில் மட்டும் இரைச்சல் வந்தாலோ, நாடித்துடிப்போடு சேர்ந்து அடித்தாலோ காது மூக்கு தொண்டை நிபுணரிடம் போங்கள். ஒரே நாளில் திடீரென ஒரு காது அடைத்துப்போனால் காத்திருக்கவே கூடாது, முதல் சில நாட்களில் தொடங்கும் ஸ்டீராய்டுதான் பலன் தரும்.

பிரிக்பீல்ட்ஸ் அம்மா: வீட்டுக்காரர் ராத்திரியில் கத்தி எழுந்திருக்கிறார். பட்டாசுச் சத்தம் என்றால் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார். தூக்க மாத்திரை வாங்கிக் கொடுக்கலாமா அக்கா?

வேண்டாம் அம்மா. இது முன்பு சொன்ன அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோயாக இருக்கலாம். பென்சோடயசெபைன் வகைத் தூக்க மாத்திரைகள் அதற்கு உதவாது, பழக்கமாகிவிடும், மதுவோடு சேர்ந்தால் மூச்சையே நிறுத்தும். கெட்ட கனவு, ஒதுங்குதல், எப்போதும் எச்சரிக்கையாகவே இருப்பது, எரிச்சல் எல்லாம் சேர்ந்து ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் சிகிச்சை தேவை. அதிர்ச்சியை நேரடியாகக் கையாளும் பேச்சுச் சிகிச்சைதான் முதல் மருந்து. செர்ட்ரலின் போன்ற மாத்திரைகள் அடுத்தது, அவை வேலை செய்ய சில வாரம் பிடிக்கும். கிளினிக் கெசிஹாத்தானில் கடிதம் வாங்கி மனநலப் பிரிவுக்கோ மென்தாரி மையத்துக்கோ (அரசின் சமூக மனநல மையம்) போங்கள். அவர் எழுந்து கத்தும்போது தொட்டு உலுக்காதீர்கள். கால்பக்கம் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், விளக்கைப் போடுங்கள்.

உயிரை விடும் பேச்சு வந்தால் அன்றைக்கே உதவி கேளுங்கள். மனநல உதவிக்குப் பேசும் எண்கள்: ஹீல் லைன் 15555, பிஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929. அமெரிக்காவில் 2021இல் தற்கொலை விகிதம், முன்னாள் ஆண் வீரர்களிடம் மற்ற ஆண்களைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. முன்னாள் பெண் வீரர்களிடம் மற்ற பெண்களைவிட இரண்டரை மடங்குக்கு மேல். குடும்பத்தில் பட்டாளத்துக்குப் போய்வந்த பெண் இருந்தால் அவரையும் இதே அக்கறையோடு விசாரியுங்கள்.

பெயர் வேண்டாம்: பணிக்காலத்தில் மேலதிகாரி தவறாக நடந்தார். நான் ஆண். யாரிடம் சொல்வது?

சொன்னதற்கு நன்றி. இது பெண்களுக்கு மட்டும் நடப்பதல்ல. அமெரிக்க முன்னாள் வீரர் மருத்துவமனைகளில் கேட்டபோது பெண்களில் மூவரில் ஒருவரும் ஆண்களில் ஐம்பதில் ஒருவரும் ‘நடந்தது’ என்றார்கள். படையில் ஆண்கள் பல மடங்கு அதிகம் என்பதால் எண்ணிக்கையில் ஆண்களும் ஏராளம். வழக்குத் தொடுப்பது தனி முடிவு. சிகிச்சைக்கு ஆதாரமோ புகாரோ தேவையில்லை. மனநல மருத்துவரிடம் ‘பணியில் பாலியல் வன்முறை நடந்தது’ என்ற ஒரே வரி போதும், விவரம் உங்கள் விருப்பம்.

ஜார்ஜ்டவுன் தம்பி: தாத்தா காட்டில் ரோந்து போனவர். ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு எழுதியிருக்கிறார்கள். எதையாவது கவனிக்க வேண்டுமா?

மிக நல்ல கேள்வி. காட்டு மண்ணில் வெறுங்கால் வழி ஏறும் ஸ்ட்ராங்கிலாய்டஸ் என்ற புழு, உடம்புக்குள்ளேயே பெருகிப் பல பத்தாண்டு இருக்கும். நம் தமிழ்த் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் மடிந்த சயாம் மரண ரயில்பாதையில் வேலை செய்த போர்க்கைதிகளிடம், இரண்டாம் உலகப் போர் முடிந்து பல பத்தாண்டு கழித்தும் இதைக் கண்டார்கள். சாதாரணமாக லேசான வயிற்றுவலி, ஊரும் தடிப்பு, ரத்தத்தில் ஈசினோபில் என்ற வெள்ளையணு கூடுவது, அவ்வளவுதான். ஸ்டீராய்டு மாத்திரை எதிர்ப்புச் சக்தியை அடக்கியதும் புழு உடம்பெங்கும் பரவி உயிரையே எடுக்கும். தொடங்கும் முன் ரத்த எதிர்ப்பொருள் சோதனை கேளுங்கள். ஒருமுறை மலம் பார்த்து இல்லை என்றால் இல்லை என்று ஆகாது. இருந்தால் ஐவர்மெக்டின் மாத்திரையால் தீர்ந்துவிடும். அதற்காக, மூச்சுத்திணறல் நேரத்தில் அவசரமாகத் தரும் ஸ்டீராய்டைத் தடுக்காதீர்கள்.

தாத்தாவுக்குச் சர்க்கரையும் இருந்தால் மெலியோய்டோசிஸையும் நினைவில் வையுங்கள். மண்ணிலிருந்து வரும் கிருமி அது. தொற்றி 62 ஆண்டு கழித்து வெளிப்பட்ட முன்னாள் போர்க்கைதி ஒருவரின் மருத்துவப் பதிவு உண்டு. விடாத காய்ச்சல், காசநோய் போன்ற நுரையீரல் படம், காசநோய் மருந்துக்குக் கேட்காமை என்றால் டாக்டரிடம் ‘காட்டில் பணி’ என்று சொல்லுங்கள்.

செந்தூல் தம்பி (மறுபடியும்): டாக்டரிடம் என்னதான் சொல்ல வேண்டும்? ஐந்து நிமிஷம்தானே தருகிறார்.

ஒரு அரைத்தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்: எந்தப் படை, எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, என்ன வேலை, காடா, கப்பலா, விமான நிலையமா, வெடிச்சத்தம், எரிபொருள், பூச்சிமருந்து எது பட்டது, எலும்பு முறிவு, தலையில் அடி, மலேரியா, சிகரெட் எத்தனை வருஷம். பெண்கள் பயிற்சிக் காலத்தில் மாதவிடாய் நின்றதா என்பதையும் சேர்க்க வேண்டும். தாளை நோயாளிக் கோப்பில் செருகச் சொல்லுங்கள், அடுத்த முறை வேறு டாக்டர் இருப்பார். பென்ஷன்காரர்கள் அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள், அரசு மருத்துவமனையில் கட்டணம் இல்லை. பென்ஷன் இல்லாதவர்களுக்கும் கிளினிக் கெசிஹாத்தானில் ஒரு ரிங்கிட்தான்.