டாக்டரிடம் போனால் பென்ஷன் போய்விடுமா?

கேள்வி: என் கணவர் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர். ராத்திரி தூங்குவதில்லை, தெருவில் பட்டாசு வெடித்தால் வியர்த்துப்போய்க் கதவைத் தாழ் போடுகிறார். டாக்டரிடம் போகலாம் என்றால் பென்ஷன் போய்விடும் என்கிறார்.
- வாசகி, வேலூர் மாவட்டம்

பதில்: போகாது, சகோதரி. ஓய்வுக்குப் பிறகு மனநல சிகிச்சை எடுத்ததற்காக யாருடைய பென்ஷனையும் நிறுத்த மாட்டார்கள், இதை அவரிடம் அடித்துச் சொல்லுங்கள். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் பழைய அதிர்ச்சி இன்னும் அவரை விடவில்லை என்றே தோன்றுகிறது, ஆனால் டாக்டர் பார்த்துத்தான் உறுதி செய்ய வேண்டும். கோழைத்தனம் இல்லை இது. பேச்சு சிகிச்சையும், தேவைப்பட்டால் மாத்திரையும் நல்ல பலன் தரும்.

முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவத் திட்டமான இ.சி.எச்.எஸ். கார்டு இருக்கிறதா? அதன் பாலிகிளினிக்கில் காட்டி, மனநல மருத்துவரிடம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். வர மறுத்தால் நீங்களே 14416-க்குப் போன் போடுங்கள். அது டெலிமானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். ராணுவத்தினருக்காக 2023 டிசம்பரில் புனே ஆயுதப்படை மருத்துவக் கல்லூரியில் இந்த டெலிமானஸுக்குத் தனிப் பிரிவே திறந்தார்கள். தூக்கத்தில் அலறினால் தொட்டு உலுக்காமல், தள்ளி நின்று குரல் கொடுத்து எழுப்புங்கள். அப்புறம், ‘நான் இருந்து என்ன’ என்கிற மாதிரி பேசினால் காத்திருக்கவே வேண்டாம், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.