ஆயில் கேஜ் யூனியன் (குழாய் இணைப்பு) அடிக்கடி லூஸாகிறதா? முதலில் திருகு மரையைப் பாருங்கள்

கேள்வி: கானாடுகாத்தான் வீட்டில் ஐயா காலத்து ஆஸ்டின் கார் இருக்கிறது, 1940களில் வந்தது. ஆயில் பிரஷர் கேஜின் செப்புக்குழாய் எஞ்சினில் சேரும் அடாப்டர் உடைந்ததால் புதிது வாங்கிப் போட்டோம். டெஃப்லான் டேப் சுற்றி எவ்வளவு இறுக்கினாலும், நாலு தடவை காரைக்குடி போய் வருவதற்குள் கழன்று ஷெட் தரையெல்லாம் ஆயில். என்ன செய்யலாம்?

பதில்: இனி இறுக்கவே வேண்டாம், எஞ்சின் பிளாக்கின் மரை போய்விடும். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் மரை பொருந்தவில்லை என்றே தோன்றுகிறது. அக்கால பிரிட்டிஷ் கார்களில் இந்த இடத்தில் வழக்கமாக வருவது 1/8 பி.எஸ்.பி. (பிரிட்டிஷ் குழாய் மரை அளவு) நேர் மரை: அங்குலத்துக்கு 28 சுற்று, கோணம் 55 டிகிரி, வெளிவிட்டம் 9.7 மி.மீ. இன்று கடையில் கேஜ் அடாப்டர் கேட்டால் 1/8 என்.பி.டி. (அமெரிக்கக் குழாய் மரை அளவு) கிடைப்பதுண்டு: அங்குலத்துக்கு 27 சுற்று, கோணம் 60 டிகிரி, கூம்பு மரை. வித்தியாசம் சிறியது என்பதால் இரண்டு மூன்று சுற்று ஏறிப் பிடித்துக்கொள்ளும், நன்றாக இறுகியதாகவே கைக்குத் தெரியும். உள்ளே தாங்குவதோ ஓரிரு மரையின் விளிம்பு மட்டும். அதிர்வில் அது தேய்ந்ததும் கழல்கிறது.

டேப்பை நீக்கித் துடைத்து, அடாப்டரை வெறும் விரலால் திருகுங்கள். சரியான நேர் மரை கடைசிவரை விரலுக்கே போகும். வெர்னியர் காலிப்பரில் நுனியும் அடியும் ஒரே அளவு காட்ட வேண்டும். அடி பருத்திருந்தால் அது கூம்பு, வேண்டாம்.

நேர் மரையில் ஆயிலைத் தடுப்பது மரை அல்ல, முகத்தில் உட்காரும் செம்பு வாஷர். டேப்புக்கு அங்கே வேலையே இல்லை. அதன் துணுக்கு மெல்லிய குழாயை அடைத்தால் கேஜ் பொய் சொல்லும். பழைய வாஷரானால் மங்கிய சிவப்பாகக் காய்ச்சி, தண்ணீரில் போட்டு, கரியைத் தேய்த்துப் போடுங்கள், மெத்தென்று படியும்.

பிளாக் மரை லேசாகக் கெட்டிருந்தால் 1/8 பி.எஸ்.பி. மரை வெட்டும் டேப் கருவியின் பள்ளங்களில் கிரீஸ் அப்பி, கையால் மட்டும் ஓட்டுங்கள். தூள் ஆயில் பாதைக்குள் விழக்கூடாது, பேரிங் போய்விடும். மரை முழுக்கப் போயிருந்தால், சுற்றிலும் போதிய கனம் இருந்தால் மட்டும், 11.8 மி.மீ. துளையிட்டு 1/4 பி.எஸ்.பி. மரை வெட்டி, உள்ளே 1/8 மரையுள்ள பித்தளை புஷ் (உறை) கடைந்து போடலாம். லேத் பட்டறையில் நிதானமாகச் செய்ய வேண்டிய வேலை இது.

குழாயையும் பாருங்கள். எஞ்சின் ஆடும், பாடி ஆடாது. நடுவில் 5 செ.மீ. விட்டத்தில் இரண்டு சுருள் இல்லாவிட்டால், சரியான யூனியனையும் குழாயே இழுத்துத் திருகிவிடும். செம்பும் இறுகி குழாய் நுனி நிப்பிள் ஓரத்தில் விரிசல் விடும். வளைவை முதலில் சரிசெய்து, நட்டை விரலால் ஏற்றி, ஒரு ஸ்பேனரால் அடாப்டரைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றால் நட்டை இறுக்குங்கள். விட்வொர்த் (பழைய பிரிட்டிஷ் அளவு) ஸ்பேனர் வேண்டும், மி.மீ. ஸ்பேனர் மூலையை மழுக்கிவிடும்.

எஞ்சின் சூடானதும் துடைத்து, சாக்பீஸ் பொடி தூவிப் பாருங்கள். கசிவு இருந்தால் பொடி கறுக்கும். அதுவரை வண்டியை வெளியே எடுக்காதீர்கள். யூனியன் கழன்றால் சில நிமிடங்களில் ஆயில் காலி.