மூத்தவனுக்கு 8:30, சின்னவளுக்கு 7:45: இது சட்டப்படி சரியா?

மகனின் பள்ளி 8:30க்கும் இரண்டாம் வகுப்பு படிக்கும் மகளின் பள்ளி 7:45க்கும் தொடங்குவது சட்டப்படி சரியா என்று கேட்கிறீர்கள். சரிதான். இரண்டாம் வகுப்புக் குழந்தைக்கு 7:45க்குப் பள்ளி தொடங்குவது சட்டமீறல் ஆகாது. கலிபோர்னியாவில் 2022 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள எஸ்பி 328 என்ற பள்ளித் தொடக்க நேரச் சட்டப்படி உயர்நிலைப் பள்ளி 8:30க்கு முன்பும் நடுநிலைப் பள்ளி 8:00க்கு முன்பும் தொடங்கக் கூடாது. தொடக்கப் பள்ளி பற்றி அதில் பேச்சே இல்லை.

மகனின் பள்ளி 8:30க்குப் போன அதே வருடம் மகளின் நேரம் முன்னால் வந்தது என்கிறீர்களே, அநேகமாக பஸ்தான் காரணம். ஒரே பஸ் ஒரு பள்ளியில் இறக்கிவிட்டு அடுத்த டிரிப்புக்குப் போகும். பெரிய பிள்ளைகள் பின்னால் நகர்ந்தால் முதல் டிரிப் யார் தலையிலாவது விழத்தானே வேண்டும்? உங்கள் பள்ளி மாவட்டத்தில் (ஒரே கல்வி வாரியத்தின் கீழ்) உள்ள பள்ளிகளின் நேர அட்டவணைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தொடக்க நேரங்கள் அடுக்கடுக்காக இருந்தால் அதேதான்.

அப்படியானால் பள்ளி முதல்வரிடம் முறையிட்டுப் பெரிய பயன் இருக்காது, கல்வி வாரியக் கூட்டத்துக்குப் போங்கள். வழக்கமான கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலை 72 மணி நேரம் முன்பே வெளியிட்டாக வேண்டும். பொதுமக்கள் பேசவும் நேரம் உண்டு. நேரத்தை மாற்றக் கேட்பதோடு, மகளின் பள்ளி சீக்கிரம் முடிந்துவிட்டால், பள்ளி முடிந்தபின் பராமரிப்புக்கு இடமும் கேளுங்கள். அது சீக்கிரம் கிடைக்கலாம்.

இன்னொன்று, மகனுக்கு விருப்பப் பாடமாக 'ஜீரோ பீரியட்' (வழக்கமான பள்ளி நேரத்துக்கு முன் நடக்கும் வகுப்பு) 7:30க்கு வைத்தாலும் தடையில்லை. கிராமப்புறப் பள்ளி மாவட்டம் என்றால் இந்தச் சட்டமே பொருந்தாது.