ஸ்டெப்ஸ், சேர்ஜ், மூன்று செக்கன்: கூடைப்பந்து நடுவரிடம் கேட்டவை

தலவாக்கலைப் பக்கம் ஒரு பாடசாலையில் விளையாட்டு ஆசிரியையாக இருக்கிறேன். பதினாறு வருடமாக மலையகப் பாடசாலைகளின் கூடைப்பந்துப் போட்டிகளில் விசிலும் ஊதுகிறேன். வலயமட்டப் போட்டிகள் நெருங்கும்போதெல்லாம் கேள்விகள் வந்து குவியும். இந்த முறை வந்தவற்றுக்கு ஒரே இடத்தில் பதில் எழுதிவிடுகிறேன். நாங்கள் ஊதுவது ஃபிபா (சர்வதேசக் கூடைப்பந்துச் சம்மேளனம்) விதிப்படி. வேறு விதியைப் பற்றிப் பேசும்போது அதைத் தனியாகச் சொல்கிறேன்.

டீச்சர், லே-அப் (கூடைக்குக் கிட்ட ஓடிப்போய் எழும்பிப் பந்தைப் போடுவது) போகும்போது சிலர் மூன்று கால் வைக்கிற மாதிரியே இருக்கிறது. கூட்டமே "ஸ்டெப்ஸ்" என்று கத்துகிறது, நீங்கள் ஊதுவதில்லையே? (ஹட்டன், உயர்தர மாணவர்)

ஸ்டெப்ஸ் என்றால் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு விதிக்குப் புறம்பாகக் கால் நகர்த்துவது. கூட்டம் எண்ணத் தொடங்கும் இடம் வேறு, நான் எண்ணத் தொடங்கும் இடம் வேறு தம்பி. ஓடிக்கொண்டே ட்ரிபிள் பண்ணுகிறவர் (பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு போகிறவர்) பந்தை இரண்டு கையாலும் பிடிக்கும்போதோ ஒரு கையில் தாங்கி நிறுத்தும்போதோ தரையில் இருக்கும் கால் கணக்கில் சேராது. அதற்கு அப்புறம் ஊன்றுவது ஒன்று, அடுத்தது இரண்டு. அதற்குள் எழும்பிப் பந்தை விட்டுவிட்டால் சரி. 2017 ஒக்டோபரில் நடைமுறைக்கு வந்த விதிகளில் ஃபிபா இதைத் தெளிவாக எழுதிவிட்டது. அதனால் முதலில் கையைப் பாருங்கள், பந்து கையில் அடங்கிய பிறகு காலுக்கு இறங்குங்கள். காலையே பார்த்துக்கொண்டிருந்தால் எல்லாமே மூன்றாகத்தான் தெரியும்.

நம் பிள்ளைகள் உண்மையில் ஸ்டெப்ஸ் செய்யும் இடம் வேறு. நின்ற நிலையில் பந்தை வாங்கி, ஒரு காலை ஊன்றி, அப்படியே ட்ரிபிளைத் தொடங்குவார்கள். பந்து கையை விட்டுப் போவதற்கு முன்னரே ஊன்றிய கால் எழும்பிவிடும். அரை நொடி விஷயம், ஆனால் அது விதிமீறல். நான் ஒரு ஆட்டத்தில் ஊதும் ஸ்டெப்ஸில் பாதிக்கு மேல் இதுதான். இதற்குக் கூட்டம் ஒருநாளும் கத்தியதில்லை, ஊதிய பிறகு என்னைத்தான் ஏசுவார்கள்.

நனைந்த சீமெந்துக் கோர்ட்டில் அடிக்கடி நடக்கும் இன்னொன்று: பந்தோடு வழுக்கி விழுந்து கொஞ்ச தூரம் இழுபட்டுப் போவது. அது தவறல்ல. பந்தை வைத்துக்கொண்டே உருண்டாலோ எழும்பப் பார்த்தாலோதான் ஊதுவேன். இதில் முறைப்பட ஒன்றுமில்லை. 1891 இல் நெய்ஸ்மித் எழுதிய முதல் பதின்மூன்று விதிகளில் பந்தோடு ஓடவே முடியாது, பிடித்த இடத்தில் இருந்தே எறிய வேண்டும்.

என் பிள்ளை இடித்து வீழ்த்தப்பட்டாள். ஆனால் "அவள் அசைந்தாள்" என்று சொல்லி அவளுக்கே ஃபவுல் கொடுத்தார்கள். சேர்ஜ் வாங்க அசையாமல் நிற்க வேண்டுமா? (பண்டாரவளை, பயிற்றுநர்)

வேண்டியதில்லை சேர். சேர்ஜ் என்பது பந்தோடு வருபவர் தடுப்பவர் மேல் மோதிச் செய்யும் ஃபவுல். இந்த ஒரு நம்பிக்கையைத் துடைத்துவிட்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும். தடுப்பவர் முதலில் எதிராளிக்கு முகம் கொடுத்து, இரண்டு காலையும் தரையில் வைத்து நிற்க வேண்டும். அந்த இடத்தை ஒருமுறை பிடித்துவிட்டால் அப்புறம் பக்கவாட்டில் நகரலாம், பின்னால் போகலாம், தன் நேர்மேலே எழும்பலாம், இடி விழும்போது நெஞ்சைக் காக்கத் திரும்பவும் செய்யலாம். முன்னால் பாயக்கூடாது, கையையோ இடுப்பையோ வெளியே நீட்டக்கூடாது. உடம்பின் நடுப்பகுதியில் இடி விழுந்தால் தவறு பந்து வைத்திருப்பவருடையது.

எங்கள் பாடசாலையில் முன்பு ஒரு பிள்ளை இருந்தாள். ஆள் சின்னவள், நாலரை அடி இருப்பாளோ என்னவோ. நண்டு மாதிரி பக்கவாட்டிலேயே நழுவிக்கொண்டு வருவாள், கை இரண்டும் நெஞ்சருகே மடங்கியிருக்கும். தன்னைவிட ஒரு தலை உயரமானவர்கள் எல்லாம் அவள் மேல் வந்து மோதி ஃபவுல் வாங்கிப் போவார்கள். அவள் ஓரிடத்தில் நின்றதே இல்லை. ஆனால் எப்போதும் முதலில் அங்கே இருந்தாள்.

கவனிக்க வேண்டியது மூன்று. பந்து வைத்திருப்பவருக்கு எதிராகத் தூரமும் நேரமும் பார்ப்பதில்லை, கடைசி நொடியில்கூட முன்னால் வந்து நிற்கலாம். பந்து இல்லாதவருக்கு எதிராக அப்படிச் செய்ய முடியாது, அவர் நிற்கவோ திரும்பவோ இடம் விட வேண்டும். எதிராளி தரையை விட்டு எழும்பிவிட்டால் அதற்குப் பிறகு அவர் இறங்கும் பாதையில் போய் நிற்பதும் தவறு. கூடைக்குக் கீழே 1.25 மீற்றர் ஆரத்தில் ஓர் அரைவட்டம் உண்டு. காற்றில் இருப்பவர் அதற்குள் நிற்கும் தடுப்பாளர் மேல் வந்து விழுந்தால், கையாலோ காலாலோ தள்ளாத வரை, சேர்ஜ் கொடுப்பதில்லை. நம் பக்கத்துக் கோர்ட் பலவற்றில் இந்தக் கோடே கிடையாது. ஆட்டத்துக்கு முன் இரண்டு பயிற்றுநரையும் கூப்பிட்டு எப்படி ஊதப் போகிறேன் என்று சொல்லிவிடுவேன்.

ஊதுகிறவர்களுக்கு ஒன்று: பந்தைப் பார்க்காதீர்கள், தடுப்பவரைப் பாருங்கள். பந்தோடு வருபவர் எப்படியும் கண்ணில் படுவார். தடுப்பவர் எப்போது வந்தார் என்பதைத் தவறவிட்டால் மிச்சம் எல்லாம் ஊகம்தான்.

கையில் அடித்தால் எப்போதும் ஃபவுல்தானே, அக்கா? (கொட்டகலை, மாணவி)

பந்தின் மேல் இருக்கும் கைவிரலில் உங்கள் கை லேசாகப் பட்டால் இல்லை. மணிக்கட்டிலோ முழங்கையிலோ அடித்தால் ஆம். பின்னால் நின்று உயரமாக எட்டிப் பந்தை எடுத்தாலும், மேலே சாயாமல் தள்ளாமல் எடுத்தால் குற்றமில்லை. வெறுமனே கையை நீட்டியதற்கும் ஃபவுல் இல்லை.

கூடைக்குக் கீழே ஒரு பையன் அஞ்சு செக்கன் நின்றான், நான் எண்ணினேன். ஏன் ஊதவில்லை? (பதுளை, ஒரு தந்தை)

ஐயா, நீங்கள் எண்ணியது சரியாகவே இருக்கலாம். கூடைக்குக் கீழே கோடு போட்ட பகுதிக்குள் தாக்கும் அணிக்காரர் மூன்று செக்கனுக்கு மேல் நிற்கக்கூடாது என்பதுதான் விதி. ஆனால் அந்த மூன்று செக்கன் ஓட, அவனுடைய அணி எதிரணிக் கூடை இருக்கும் பாதிக் கோர்ட்டில் பந்தைக் கட்டுப்பாட்டில் வைத்திருக்க வேண்டும், கடிகாரமும் ஓட வேண்டும். அடித்த பந்து காற்றில் இருக்கும்போதும், ரீபவுண்டுக்கு (கூடையில் விழாமல் திரும்பி வரும் பந்துக்கு) முட்டி மோதும்போதும் கணக்கு இல்லை. அவன் வெளியே வர முயன்றுகொண்டிருந்தாலும் விட்டுவிடுவோம். தடுக்கும் பக்கத்துக்கு மூன்று செக்கன் விதியே கிடையாது, அது அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்.பி.ஏ. கதை.

மஸ்கெலியாவில் இருந்து வரும்போது மண் சரிந்து பஸ் நின்றுவிட்டது. நாங்கள் போய்ச் சேர்வதற்குள் தோல்வி என்று எழுதிவிட்டார்கள். இது நியாயமா? (ஓர் ஆசிரியர்)

விதிப்புத்தகத்தில் குறித்த நேரத்தில் இருந்து 15 நிமிடம். அதற்குள் ஐந்து பேர் விளையாடத் தயாராக இல்லாவிட்டால் ஆட்டம் கைவிட்டுப் போகும், புள்ளி 20க்கு 0. நடுவருக்கு அதை நீட்டும் அதிகாரம் இல்லை. ஆனால் ஏற்பாட்டாளர்கள் ஆட்ட நேரத்தை முன்கூட்டியே மாற்றலாம். மழைக்காலத்தில் புறப்படும்போதே அவர்களுக்கு ஒரு போன் எடுத்துவிடுங்கள் சேர், நிலைமையைச் சொல்லி நேரத்தைத் தள்ளிக் கேளுங்கள். எனக்கு எடுத்து அழுது பயனில்லை. இன்னொன்று: தொடங்கத்தான் ஐந்து பேர் வேண்டும். தொடங்கிய பிறகு ஃபவுலாலும் காயத்தாலும் ஆள் குறைந்தாலும் இரண்டு பேர் மிஞ்சும்வரை ஆட்டம் ஓடும்.

தோடு, கையில் கோயில் நூல், தலையில் துணி எல்லாவற்றையும் கழற்றச் சொல்கிறார்களே? (நுவரெலியா, ஒரு தாய்)

தோடும் சங்கிலியும் கழற்றத்தான் வேண்டும் அம்மா, நகை எதற்கும் இடமில்லை. காது கிழிந்து ரத்தம் சொட்ட ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறேன், அதற்குப் பிறகு இதில் நான் இரங்குவதில்லை. தலையை மூடும் துணிக்கு 2017 முதல் ஃபிபா அனுமதி உண்டு. முகத்தை மறைக்கக்கூடாது, கழன்று விழக்கூடாது, கழுத்தைச் சுற்றி இறுக்கும் முடிச்சோ ஊசியோ இருக்கக்கூடாது. கோயில் நூலைப் பற்றி விதியில் ஒரு சொல்லும் இல்லை. மெல்லிய பருத்தி நூல் என்றால் நான் ஒன்றும் சொல்வதில்லை, முடிச்சில் தாயத்து தொங்கினால் கழற்றச் சொல்வேன்.

பதற்றத்தில் தன் கூடையிலேயே போட்டுவிட்டால்? (ஹட்டன், 16 வயதுக்குட்பட்ட அணி)

தவறுதலாகப் போட்டால் எதிரணிக்கு இரண்டு புள்ளி, களத்தில் இருக்கும் அவர்களுடைய கப்டனின் பெயரில் எழுதப்படும். வேண்டுமென்றே போட்டால் விதிமீறல், புள்ளி இல்லை.

நான் கையால் "டி" காட்டி டைம் அவுட் கேட்டேன், கொடுக்கவில்லை. (கண்டி, ஒரு வீரர்)

நீங்கள் கேட்க முடியாது. பயிற்றுநரோ உதவிப் பயிற்றுநரோதான் ஸ்கோர் மேசையில் கேட்க வேண்டும். முதற்பாதியில் இரண்டு, இரண்டாம் பாதியில் மூன்று. அந்த மூன்றையும் கடைசி 2 நிமிடத்துக்கென்று சேர்த்து வைக்க முடியாது, அதில் இரண்டுதான் செல்லும்.

அமெரிக்க உயர்நிலைப் பாடசாலை ஆட்டங்களின் வீடியோ பார்த்துத்தான் விதி படிக்கிறேன். போதுமா? (தலவாக்கலை, மாணவர்)

ஆட்டம் பார்க்கப் போதும், விதி படிக்கப் போதாது. அங்கே ஒரு கால்பகுதி 8 நிமிடம், நமக்கு 10. மூன்று புள்ளிக் கோடு அங்கே சுமார் 6 மீற்றரில், நமக்கு 6.75 இல். அங்கே ட்ரிபிள் பண்ணுகிறவரை நெருங்கி நின்று தடுத்தாலும் ஐந்து செக்கன் எண்ணுவார்கள். நமக்குப் பந்தைக் கையில் பிடித்து நிற்பவருக்கு மட்டும்தான், அதுவும் தடுப்பவர் ஒரு மீற்றருக்குள் இருந்தால். அடித்த பந்து வளையத்தில் பட்டுவிட்டால் நம் விதிப்படி யாரும் தட்டிவிடலாம், அங்கே வளையத்துக்கு மேலே இருக்கும் பந்தைத் தொட முடியாது. ஐந்து ஃபவுலில் வெளியே போவது மட்டும் இரண்டிலும் ஒன்றுதான்.

மூடுபனியில் எதிர்க்கூடையே தெரியவில்லை, ஆனாலும் ஆடவைத்தார்கள். யார் முடிவெடுப்பது? (நுவரெலியா, பயிற்றுநர்)

தலைமை நடுவர். நிலைமை சரியில்லை என்றால் ஆட்டத்தை நிறுத்த அவருக்கு அதிகாரம் உண்டு. நான் வைத்திருக்கும் அளவுகோல் எளிது. ஒரு கூடைக்குக் கீழே நின்று, கிட்டத்தட்ட 25 மீற்றர் தள்ளி அடுத்த கூடையின் வலை தெரிகிறதா என்று பார்ப்பேன். தெரியாவிட்டால் பிள்ளைகளைக் கூரைக்குக் கீழே அனுப்பிவிட்டு பிளேன்டீ குடிப்போம். பனி வந்த வேகத்தில் போய்விடும், ஈரம்தான் போகாது. தரையில் சப்பாத்தை ஊன்றித் தேய்த்துப் பார்ப்பேன், வழுக்கினால் தொடங்கமாட்டேன். அப்புறம் பந்து. குளிரில் உள்ளே காற்றின் அழுத்தம் குறையும், மதியம் சரியாகத் துள்ளிய பந்து மாலை ஐந்து மணிக்குச் சோர்ந்துவிடும். இடைவேளையில் ஒருமுறை விட்டுப் பார்த்து, தேவையென்றால் பம்ப் அடியுங்கள்.

நடுவர் பிழை விட்டால் ஒப்புக்கொள்ளவே மாட்டீர்களா? (பெயர் வேண்டாம் என்றவர்)

ஒப்புக்கொள்வோம், சிலதைத் திருத்தவும் விதியில் வழி இருக்கிறது. எனக்கே நடந்ததைச் சொல்கிறேன். மழை தூறிய ஓர் அரையிறுதி. ஃபவுல் செய்யப்பட்டது 4 ஆம் இலக்கத்தின் மேல், ஃப்ரீ த்ரோ (யாரும் தடுக்காமல் கோட்டில் நின்று எறிவது) அடிக்க வேண்டியதும் அந்தப் பிள்ளைதான். நான் மேசைக்கும் 4 என்றுதான் காட்டினேன். திரும்பி வந்தால் கோட்டில் நிற்பது 14. ஜேர்ஸி நனைந்து ஒட்டி, முன்னால் இருந்த 1 மடிப்புக்குள் போயிருந்தது. அந்தப் பிள்ளை ஏமாற்ற வரவில்லை, பயிற்றுநர் "நீ போய் அடி" என்று அனுப்பியிருக்கிறார். நான் கவனிக்கவில்லை. இரண்டும் உள்ளே போனது.

எதிரணிப் பயிற்றுநர் மேசையைத் தட்டிக்கொண்டு கத்தினார். கத்தல்தான் காதில் விழுந்ததே தவிர, என்ன சொல்கிறார் என்று விழவில்லை. டெக்னிக்கல் (நடத்தைக்காகக் கொடுக்கும் ஃபவுல்) கொடுக்கக் கை போய்விட்டது. அந்த நேரம் ஸ்கோர் எழுதிய பிள்ளை, பத்தாம் வகுப்புதான் இருக்கும், எழுந்து நின்று "மிஸ், அடிச்சது பதினாலு" என்றாள். தப்பான ஆள் அடித்த ஃப்ரீ த்ரோ திருத்தக்கூடிய பிழைகளில் ஒன்று. கடிகாரம் மீண்டும் ஓடத் தொடங்கி, முதல் தடவை நின்று, பந்து மறுபடி ஆட்டத்துக்கு வருவதற்குள் கண்டுபிடிக்க வேண்டும். நேரம் இருந்தது. இரண்டு புள்ளியையும் நீக்கி, பந்தை எதிரணிக்குக் கொடுத்து, இரண்டு பயிற்றுநரிடமும் "என் பிழை" என்றேன். கத்திய மனிதர் உடனே அடங்கிவிட்டார்.

அன்றிலிருந்து அடிக்கிறவர் கையில் பந்தைக் கொடுக்குமுன் இலக்கத்தை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கிறேன். பயிற்றுநர் கத்தினால் முதலில் என்ன கேட்கிறார் என்று கேட்கிறேன். கேள்வி என்றால் பதில் உண்டு. ஏச்சு என்றால் ஒருமுறை எச்சரிக்கை, அப்புறம் டெக்னிக்கல்: எதிரணிக்கு ஒரு ஃப்ரீ த்ரோ, ஆட்டம் நின்ற இடத்திலிருந்து தொடரும். அப்படி இரண்டு வாங்கினால் அவர் வெளியே போக வேண்டியதுதான்.

நானும் நடுவராக வேண்டும் டீச்சர். பெண் பிள்ளை, ஆண்கள் ஆட்டத்தை ஊத விடுவார்களா? எங்கே தொடங்குவது? (மஸ்கெலியா, உயர்தரம் முடித்த மாணவி)

விடுவார்கள் தங்கச்சி, நான் ஊதுகிறேனே. முதல் மாதம் பையன்கள் சிரிப்பார்கள், இரண்டாவது ஸ்டெப்ஸ் ஊதியதும் நிறுத்திவிடுவார்கள். ஒரு பருவம் முழுக்க ஸ்கோர் மேசையில் உட்காருங்கள். ஃபவுல் கணக்கு, டைம் அவுட், மாறி மாறிப் பந்து கிடைக்கும் அம்புக்குறி எல்லாம் அங்கேதான் கைவரும். ஒரு கால்பகுதியில் நாலு ஃபவுலுக்கு அப்புறம் ஐந்தாவதுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ என்பதை நடுவர் மறந்தாலும் மேசை மறக்காது. வீட்டில் கண்ணாடி முன் சைகை பழகுங்கள்: ஃபவுலுக்கு முஷ்டி, விதிமீறலுக்கு விரித்த கை. அரைகுறையாகத் தூக்கிய கையை யாரும் நம்பமாட்டார்கள்.

விசில் வாங்கும்போது உள்ளே உருண்டை இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள். ரொன் ஃபொக்ஸ்குரொஃப்ட் என்ற கனேடியக் கூடைப்பந்து நடுவருக்கு 1984 இல் பிரேசிலில் ஓர் ஆட்டத்தில் உருண்டை சிக்கி விசிலே வரவில்லை. அந்த அவமானத்தில் அவர் செய்வித்ததுதான் ஃபொக்ஸ் 40. நம் மழைக்கும் அதுதான் சரிப்படும். சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு எங்கள் கோர்ட்டில் பயிற்சி ஆட்டம் இருக்கிறது, வாருங்கள். என்னிடம் விசில் இரவல் கேட்கக்கூடாது.