சைக்கிள் சந்தேகங்கள்

கேள்வி: வயது 42. சிறுவயதில் குரங்குப் பெடலோடு நின்றுவிட்டது. இப்போது மகள் சீட்டைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடிவருகிறாள். அவள் கையை விட்டதும் விழுகிறேன். இனி பேலன்ஸ் வருமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: வரும். முதலில் மகளை ஓட வேண்டாம் என்று சொல்லுங்கள். சைக்கிள் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே ஹேண்டிலைச் சற்றுத் திருப்பினால்தான் அது நிமிரும். பின்னால் ஒருவர் தாங்கிக்கொண்டே இருந்தால் உங்கள் கைக்கு அந்த வேலையே வராது, விட்டதும் விழுவது அதனால்தான்.

பெடல் இரண்டையும் கழற்றிவிடுங்கள். பெரும்பாலான சைக்கிள்களுக்கு 15 எம்எம் ஸ்பானர் போதும். வலது பெடல் வழக்கம்போல் இடப்பக்கமாகச் சுற்றினால் கழலும். இடது பெடலின் மரை தலைகீழ். அதைக் கடிகார முள் சுற்றும் திசையில் திருப்ப வேண்டும். தெரியாமல் மல்லுக்கட்டினால் இன்னும் இறுகிக்கொள்ளும். சீட்டை இரண்டு பாதமும் முழுதாகத் தரையில் படும் அளவுக்கு இறக்குங்கள். லேசான சரிவுள்ள, மணல் இல்லாத மைதானத்தில் உட்கார்ந்தபடியே நடங்கள். பிறகு காலால் உந்தி இரண்டு காலையும் தூக்குங்கள். தரையைத் தொடாமல் பத்து எண்ணும்வரை போக முடிந்தால் பெடலை மாட்டலாம். மாட்டும்போது முதல் சில சுற்றுகளைக் கையாலேயே திருகுங்கள். மரை கோணலாக ஏறினால் பெடல் மாட்டும் தண்டான கிராங்க் வீண்.

பார்வை முன் டயரில் வேண்டாம், 20 அடி தள்ளி இருக்கட்டும். பயத்தில் மெதுவாக மிதித்தால் ஆட்டம் அதிகமாகும். கொஞ்சம் வேகம் வந்தால் தானே அடங்கும். துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொள்ளுங்கள்.

கேள்வி: முன் பிரேக் பிடித்தால் குப்புறக் கவிழ்ந்துவிடும் என்கிறார்கள். பின் பிரேக் மட்டும் போதாதா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: போதாது. பிரேக் பிடித்ததும் எடை முன்பக்கம் சரியும். பின் சக்கரம் லேசாகி, நிற்காமல் தேய்த்துக்கொண்டே போகும். சைக்கிளை உண்மையில் நிறுத்துவது முன் பிரேக்தான். அதை வெடுக்கென்று பிடித்தால்தான் ஆபத்து, அதுவும் முழங்கை தளர்வாக இருந்தால். பெடல்களைச் சமமட்டத்தில் வைத்து, இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி, கையை ஊன்றி, இரண்டு பிரேக்கையும் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். நம் ஊரில் வலது லீவர்தான் பெரும்பாலும் முன் பிரேக். ஆனாலும் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டு ஒருமுறை பார்த்துவிடுங்கள். மணலோ ஜல்லியோ கிடக்கும் வளைவில், திரும்புவதற்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள். சாய்ந்திருக்கும்போது பிரேக் தொட்டால் வழுக்கும். மழையில், சக்கர வளையத்தைக் கவ்வும் ரிம் பிரேக் முதலில் தண்ணீரைத்தான் துடைக்கும், அப்புறம்தான் பிடிக்கும். சற்று முன்னதாகவே ஆரம்பியுங்கள்.

கேள்வி: வலப்பக்கம் திரும்பப் பின்னால் பார்த்தாலே சைக்கிள் நடுரோட்டுக்குப் போய்விடுகிறது.
– மாணவி, மதுரை

பதில்: தலையோடு தோளும் திரும்புகிறது, தோள் கையை இழுக்கிறது. முகவாயை மட்டும் தோளுக்குக் கொண்டுபோங்கள். ஹேண்டிலை இறுக்கிப் பிடிக்காதீர்கள். மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு அதன்மேல் ஓட்டுங்கள். பின்னால் நிற்கும் தோழி விரல்களைக் காட்டட்டும். எத்தனை விரல் என்று சரியாகச் சொல்லி, கோட்டைவிட்டு ஒரு சாணுக்கு மேல் விலகாதவரை மெயின் ரோட்டில் திரும்ப வேண்டாம், இறங்கித் தள்ளிக்கொண்டே கடந்துவிடுங்கள்.