உண்ணி கடித்தும் ஏன் நோகவில்லை?

அக்கா, கனடாவின் ஒன்ராறியோவில் மகனின் காலில் உண்ணி ஒரு நாள் முழுக்க ஒட்டியிருந்தும் ஏன் நோகவில்லை, யாழ்ப்பாணத்தில் உங்கள் நாயிலுள்ள உண்ணியாலும் லைம் (உண்ணி கடித்து வரும் பாக்டீரியா நோய்) வருமா என்று கேட்டிருந்தீர்கள்.

எல்லாம் உண்ணியின் எச்சிலின் வேலை. நோவு, அரிப்பு, இரத்தம் உறைவது எல்லாவற்றையும் அது அடக்கிவிடும். லைம் பாக்டீரியா உண்ணியின் குடலில் கிடக்கும். இரத்தம் உள்ளே போன பிறகுதான் எச்சில் சுரப்பிக்கு நகரும். அங்கே சால்ப்15 என்ற எச்சில் புரதத்தைப் போர்த்திக்கொண்டு, எங்கள் நோயெதிர்ப்புக்குத் தப்பி உள்ளே நுழையும். பொல்லாத கெட்டித்தனம்! இதற்குப் பெரும்பாலும் 24 மணி நேரத்துக்கு மேல் எடுக்கும். மகன் அந்த 24 மணி நேர எல்லையில் நிற்கிறார், ஆகவே உண்ணியைக் கழற்றிய 72 மணி நேரத்துக்குள் டொக்டரிடம் போகட்டும். ஒரேயொரு வேளை டொக்சிசைக்ளின் என்ற அன்டிபயோட்டிக் மருந்து கொடுக்கக்கூடும். அப்புறம் ஒரு மாதத்துக்குச் சிவந்த தடிப்பு, காய்ச்சல் வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

உங்கள் நாயில் இருப்பது அநேகமாக வேறு இனம். அது லைமைப் பரப்பாது.